தஞ்சாவூரைத் தொட்டால் சேலம் திறக்கும்

"தம்பி, பிள்ளைங்களுக்கு ஒரு தமிழ்நாடு மேப் போடணும். தஞ்சாவூர்ல விரல வெச்சா தஞ்சாவூர் பக்கம் திறக்கணும், சேலத்துல வெச்சா சேலம். அவ்வளவுதான்" என்றார் சார். புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடங்களையெல்லாம் இப்போது வலைப்பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த டீ சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கண்ணுக்கு அது தமிழ்நாடு. பிரவுசருக்கோ அது 450 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் உள்ள வண்ணப் புள்ளிகளின் கூட்டம். தஞ்சாவூர் எங்கே முடிகிறது, திருவாரூர் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. படத்துக்கு ஒரு லிங்க் கொடுத்தால் முழுப்படமும் ஒரே லிங்க்தான். நீலகிரியைத் தொட்டாலும் ராமேசுவரத்தைத் தொட்டாலும் போய்ச் சேரும் பக்கம் ஒன்றே. ஆகவே வரைபடத்தின்மேல் ட்ரேசிங் தாளைப் போட்டு, பென்சிலால் எல்லை வரைந்து, ஒவ்வோர் எல்லைக்குள்ளும் போக வேண்டிய முகவரியை எழுதிவைப்பதுபோல ஒரு வேலை செய்யவேண்டும். அந்தத் தாள் யார் கண்ணிலும் படாது. விரல் பட்ட இடம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்த்து, அந்த முகவரிக்கு அனுப்பிவைக்கும். இமேஜ் மேப் என்பது இதுதான்.

எல்லையைப் பிரவுசரிடம் எப்படிச் சொல்வது? எண்களால்தான். படத்தின் இடது மேல்மூலை 0, 0. அங்கிருந்து வலப்பக்கம் எத்தனை பிக்சல் என்பது முதல் எண், கீழே எத்தனை பிக்சல் என்பது இரண்டாம் எண். இங்கேதான் சார் புருவத்தை உயர்த்தினார். அட்சரேகை வடக்கே போகப்போகக் கூடும். இங்கே தெற்கே வரவரக் கூடுகிறது. வாழ்நாள் முழுக்க அட்லஸ் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான். மாநில எல்லையை ஒட்டி வெட்டிய 450-க்கு 600 படத்தில் சென்னை தோராயமாக 430, 55-இல் இருக்கும். தஞ்சாவூர் நகரம் 309, 304. கன்னியாகுமரி 139, 595. மாநிலத்தின் வடக்கு-தெற்கு நீளம் ஏறக்குறைய 610 கிலோமீட்டர் என்பதால், இந்த அளவுப் படத்தில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கணக்குப் போட வசதியான படம். இந்த மூன்று ஊர்களின் எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி டேக்குகள். படத்தைக் காட்டும் இமேஜ் டேக்கில் யூஸ்மேப் என்று ஒரு அட்ரிபியூட் சேர்த்து, அதில் ஹாஷ் குறியோடு ஒரு பெயர் கொடுக்கவேண்டும். பிறகு மேப் என்ற டேக்; அதே பெயர், ஆனால் ஹாஷ் இல்லாமல். அதற்குள்ளே மாவட்டத்துக்கு ஒன்றாக ஏரியா டேக்குகள். ஒவ்வோர் ஏரியாவிலும் ஷேப் என்பது வடிவம், கோர்ட்ஸ் என்பது எண்கள், ஹெச்ரெஃப் என்பது போகவேண்டிய முகவரி, ஆல்ட் என்பது அந்த இடத்தின் பெயர். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், ஹாஷ் விட்டுப்போனாலும், படம் அழகாகத் தெரியும். தொட்டால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், வேலை செய்யாத மேப்பில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு பெயர்களைத்தான்.

வடிவங்களில் ரெக்ட் செவ்வகம். இடது மேல்மூலைக்கு இரண்டு எண், வலது கீழ்மூலைக்கு இரண்டு எண். சர்க்கிள் வட்டம், மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று. ஆரம்தான், விட்டம் அல்ல. ஆனால் எந்த மாவட்டமும் செவ்வகமாகவோ வட்டமாகவோ இருப்பதில்லையே. நமக்கு வேண்டியது பாலி. எல்லையில் ஒரு புள்ளி, அடுத்த புள்ளி, அதற்கடுத்தது என்று சுற்றிவந்து எண்களை வரிசையாக எழுதுவது. கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு பிரவுசரே சேர்த்துக்கொள்ளும். முதல் புள்ளியை மறுபடி எழுதவேண்டியதில்லை.

எத்தனை புள்ளி வைப்பது? புதிதாகச் செய்பவர்கள் கடற்கரையின் ஒவ்வொரு வளைவையும் பிடிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். விரல் நுனிக்கு அந்த நுணுக்கம் தெரியாது. ஒரு மாவட்டத்துக்கு 15, 20 புள்ளிகள் தாராளம். கடலோர மாவட்டங்களில் கோட்டைச் சற்றுக் கடலுக்குள்ளேயே தள்ளிப் போட்டுவிடலாம். கடலைத் தொட்டுக் கோபித்துக்கொள்பவர் யாருமில்லை. கவனம் வேண்டியது இரண்டு மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் எல்லையில். தஞ்சாவூருக்கு வைத்த புள்ளிகளையே அந்தப் பக்கத்தில் திருவாரூருக்கும் எடுத்துப் போடுங்கள். தனித்தனியாகக் கண்ணால் பார்த்து வைத்தால் நடுவில் மெல்லிய பிளவு விழும். அங்கே தொட்டால் எதுவும் திறக்காது.

கையால் எண் எடுக்க பெயின்ட் போதும். மௌஸை நகர்த்தினால் கீழே எண்கள் ஓடும். இன்னும் சுலபமாக வேண்டுமானால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஃபில்டர்ஸ் மெனுவில் வெப் என்பதற்குள் இமேஜ் மேப் என்றே ஒரு கருவி இருக்கிறது. எல்லையைக் கிளிக் கிளிக்காகச் சுற்றிவந்தால் ஏரியா வரிகளை அதுவே எழுதிக் கொடுக்கும். ஒன்று மட்டும்: வலைப்பக்கத்தில் எந்த அளவுப் படத்தை ஏற்றப்போகிறீர்களோ அதில்தான் வரையவேண்டும். பெரிய ஸ்கேனில் வரைந்துவிட்டுப் படத்தை மட்டும் சுருக்கி ஏற்றினால் எண்கள் பழைய படத்துக்குரியவையாகவே நின்றுவிடும்.

"சரி, பாண்டிச்சேரிய என்ன பண்றது?" என்றார் சார். நல்ல கேள்வி. இந்த வேலையிலேயே ருசியான இடம் அதுதான்.

புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இடையில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. தெற்கே காரைக்கால் தனியாக, மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே. தமிழ்நாட்டு மாவட்டங்களை மட்டும் காட்டும் பக்கத்தில் இந்த இடங்களைத் தொட்டால் விழுப்புரம் திறப்பது தப்பு. விழுப்புரத்தின் எல்லையை இந்தத் துண்டுகளைச் சுற்றி வளைத்து வளைத்து வரைவது பைத்தியக்கார வேலை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு ஏரியாக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், கோடில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே செல்லும். ஆகவே புதுச்சேரித் துண்டுகளுக்குத் தனித்தனியே சின்னச் சின்ன ஏரியாக்கள் போட்டு மேப்பின் தலையிலேயே வையுங்கள். அவற்றுக்கு ஹெச்ரெஃப் கொடுக்காதீர்கள், ஆல்ட்டும் வேண்டாம். அங்கே தொட்டால் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு விழுப்புரத்தைக் கவலையில்லாமல் முழுசாக வரையலாம். துளை தானாகவே விழுந்துவிடும். புதுச்சேரிக்கும் ஒரு பக்கம் உண்டு என்றால், அத்தனை துண்டுகளுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தால் ஆயிற்று. ஒரு லிங்க்குக்கு எத்தனை ஏரியா வேண்டுமானாலும் இருக்கலாம்.

மிச்சமுள்ள இடமெல்லாம் ஒரு பொதுப்பக்கத்துக்குப் போகவேண்டுமா? ஷேப்பில் டிஃபால்ட் என்று போட்டு ஓர் ஏரியா. முழுப்படத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் கட்டாயம் கடைசியில் வரவேண்டும். மேலே வைத்தால் 38 மாவட்டங்களையும் விழுங்கிவிடும்.

எல்லைத் தாள் பிரவுசரிடம் இருப்பது இன்றைக்குச் சாதாரணம். ஆரம்பத்தில் அது சர்வரிடம் இருந்தது. 1993 வாக்கில் வலைப்பக்கங்களில் படங்கள் வரத் தொடங்கியபோது, இமேஜ் டேக்கில் இஸ்மேப் என்று ஒரு வார்த்தை மட்டும் இருக்கும். தொட்டதும் பிரவுசர் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு 430,55 என்று எண்களைச் சேர்த்து அனுப்பும். சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல் எல்லைக் கோப்பைத் திறந்து பார்த்து, எந்தப் பக்கம் என்று பதில் சொல்லும். அந்த நிரலின் தொடக்க வடிவத்தை எழுதியவர் ஹவாயில், ஹொனலூலூ சமுதாயக் கல்லூரியில் இருந்த கெவின் ஹியூஸ். மோடம் காலத்தில் ஒவ்வொரு தொடுகைக்கும் சர்வர்வரை ஒருமுறை போய்வருவது என்றால் எவ்வளவு மெதுவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைவிட மோசம், மௌஸை எங்கே வைத்தாலும் கீழ்ப்பட்டையில் வெறும் எண்கள்தான் தெரியும். லிங்க் எங்கே போகிறது என்று தொடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வழியில்லை. பார்வையில்லாதவருக்கு அதில் ஒன்றுமே கிடையாது. போதாக்குறைக்கு, சேர்ன் சர்வருக்கு எல்லைக் கோப்பை ஒரு மாதிரி எழுதவேண்டும், என்சிஎஸ்ஏ சர்வருக்கு வேறு மாதிரி.

தாளைப் பிரவுசரிடமே கொடுத்துவிடலாம் என்ற யோசனையை ஸ்பைகிளாஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் சைட்மன் முறையாக எழுதி வைத்தார். ஆர்எஃப்சி 1980 என்ற ஆவணம் அது. 1980 என்பது வரிசை எண்தான். வெளிவந்த ஆண்டு 1996. அடுத்த ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2-இல் மேப்பும் ஏரியாவும் இடம்பிடித்துவிட்டன. நாம் இன்று எழுதுவதும் அதே வரிகளைத்தான். இஸ்மேப் இன்னும் உயிரோடு இருக்கிறது; ஆனால் அதைப் புதிதாக எடுத்துக் கையாளக் காரணம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

டீ வந்தது. சார் தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "பிள்ளைங்க எல்லாம் இதுலதான் பாப்பாங்க."

அங்கேதான் வில்லங்கம். ஏரியாவில் எழுதியிருக்கும் எண்கள் படத்தோடு சேர்ந்து சுருங்குவதில்லை. கைப்பேசியில் பக்கம் ஒழுங்காகத் தெரிவதற்காகப் படத்தின் அகலம் திரைக்குள் அடங்கட்டும் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருப்போம். 450 பிக்சல் படம் 300 ஆகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு. எண்கள் 450-க்கு எழுதியவையாகவே இருக்கும். இப்போது அந்த மூன்று ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் தஞ்சாவூர் தெரிவது 206, 203-இல். பிள்ளை அங்கே விரல் வைக்கிறது. பழைய எண்களின்படி 206, 203 என்பது சேலம், ஏறக்குறைய ஊருக்குள்ளேயே. தஞ்சாவூரைத் தொட்டால் சேலம் திறக்கிறது! சென்னையைத் தொட்டால் சித்தூர்ப் பக்கம் விழும். ஆந்திரம், லிங்க் இல்லை. கன்னியாகுமரியைத் தொட்டால் இடுக்கி. கேரளம், அங்கேயும் ஒன்றுமில்லை. மேசைக் கணினியில் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டால் இது கண்ணில் படவே படாது.

இதற்கு ஒரு தீர்வு சின்ன ஜாவாஸ்கிரிப்ட். இப்போது காட்டப்படும் அகலத்தைப் படத்தின் இயல்பான அகலத்தால் வகுத்து, வரும் எண்ணால் எல்லாக் கோர்ட்ஸையும் பெருக்கவேண்டும். படம் வந்து இறங்கியதும் ஒருமுறை, திரையின் அளவு மாறும்போதெல்லாம் ஒருமுறை. கைப்பேசியைப் படுக்கவைத்தாலும் அளவு மாறுமே. அசல் எண்களைத் தனியே பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே பெருக்குங்கள். பெருக்கியதையே மறுபடி பெருக்கினால் தமிழ்நாடு ஒரு மூலையில் சுருண்டுபோகும்.

எண்கள் சரியானாலும் விரல் ஒன்று இருக்கிறதே. சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டர். நம் படத்தில் பக்கத்துக்கு 20 பிக்சல் அளவில் ஒரு கட்டம் மாதிரி. கைப்பேசியில் 13, 14. வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி 2.2 விதிகள், 2023-இல் வந்தவை, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் வேண்டும் என்கின்றன. சென்னையைப் பெரிதாக்க முடியாது. ஆனால் பக்கத்தில் வங்கக்கடல் காலியாகக் கிடக்கிறது. அட்லஸ்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்: கடலில் 'சென்னை' என்று பெரிதாக எழுதி ஒரு கோடு இழுத்துவிடுவது. அந்தப் பெயரையே ரெக்ட் ஏரியாவாக்கிவிடுங்கள். படத்தை வலப்பக்கம் 100 பிக்சல் நீட்டி 550 ஆக்கி, 460,30,545,78 என்று கட்டம் போட்டால் அதன் உயரம் 48. கைப்பேசியில் 300-க்குச் சுருங்கும்போதும் 26 மிஞ்சும். வலப்பக்கமோ கீழ்ப்பக்கமோ நீட்டுவதால் போட்ட எண் எதுவும் மாறாது. இடப்பக்கம் நீட்டினீர்களோ, அத்தனை மாவட்டத்து முதல் எண்களையும் திருத்திக்கொண்டு உட்காரவேண்டும். சென்னை கிழக்கே இருப்பது நம் அதிர்ஷ்டம்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்றை வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். முதலிலேயே சொன்னால் யாரும் கேட்பதில்லை. படத்தைத் தொடும் முன்பு 38 மாவட்டங்களின் பெயர்களையும் சாதாரண லிங்க் பட்டியலாக எழுதிவிடுங்கள். இமேஜ் மேப் என்பது என் கணக்கில் அந்தப் பட்டியல்தான்; அதன்மேல் படம் ஒரு வசதி. பட்டியல் கையில் இருந்தால் ஒவ்வோர் ஆல்ட்டிலும் என்ன எழுதுவது என்ற குழப்பம் இல்லை. 'இங்கே கிளிக் செய்யவும்' என்று 38 முறை எழுதி, திரைவாசிப்பான் அதையே 38 முறை படிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று இருந்தால் போதும். மௌஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையைத் தட்டித்தட்டி நகர்வார்கள். அது வரைபடத்தில் உள்ள இடத்தைப் பார்த்துப் போகாது, கோடில் நீங்கள் எழுதிய வரிசையில்தான் போகும். அகரவரிசையில் எழுதினால் தேடுவது எளிது. ஹெச்ரெஃப் இல்லாத புதுச்சேரித் துளைகளில் டேப் நிற்காது என்பதால் அவை தலையில் இருப்பது இதற்குக் குறுக்கே வராது. அதே பட்டியலை வரைபடத்துக்குக் கீழேயும் போட்டுவிடுங்கள். சென்னை விரலுக்குச் சிக்காதவர் அங்கே தொட்டுக்கொள்வார்.

"இப்பவும் இதத்தான் எல்லாரும் பண்றாங்களா?" என்று கேட்டார் சார். இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு எஸ்விஜியைத்தான் சொல்வேன். 2001-இலேயே தரமாக அறிவிக்கப்பட்ட வடிவம். அதில் வியூபாக்ஸ் என்று 0 0 450 600 கொடுத்துவிட்டால், திரை எவ்வளவு சுருங்கினாலும் உள்ளே இருக்கும் எல்லைகளும் சேர்ந்தே சுருங்கும். பெருக்கும் வேலையே இல்லை. விரலோ மௌஸோ பட்டால் மாவட்டம் நிறம் மாறவும் செய்யலாம். ஏரியாவில் அது முடியாது. பாலியில் எடுத்த எண்கள் வீண்போகாது, அப்படியே பாலிகனின் பாயின்ட்ஸில் ஒட்டிவிடலாம். இரண்டு இடத்தில் மட்டும் உஷார். இமேஜ் மேப்பில் முதலில் எழுதியது ஜெயிக்கும் என்றேன். எஸ்விஜியில் பின்னால் எழுதியதுதான் மேலே நிற்கும். ஆகவே புதுச்சேரித் துண்டுகள் கடைசிக்குப் போகவேண்டும். அவற்றின் ஃபில்லுக்கு நன் என்று கொடுத்தால் உட்பகுதி தொடுகையைப் பிடிக்காமல் கீழே இருக்கும் விழுப்புரத்துக்கு விட்டுவிடும்; டிரான்ஸ்பரன்ட் என்று கொடுக்கவேண்டும். பழைய பள்ளிக் குழுப்படத்தில் முகத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பெயர் சொல்லவைப்பது மாதிரி, அளவு மாறாத சின்ன வேலைகளுக்கு இமேஜ் மேப் இன்றும் போதும்.

எதில் செய்தாலும் பராமரிப்பு ஒன்று உண்டு. 2019-க்கு முன்னால் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த ஆண்டு கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து வந்தன, 2020-இல் மயிலாடுதுறை. வேலூரை மூன்றாக வெட்டி, திருநெல்வேலியிலிருந்து தென்காசியைப் பிரித்து, படத்தில் புதிய கோடு போட்டு, இரண்டு பக்கமும் புள்ளிகளைத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. காரைக்கால் நடுவில் இருந்ததால் அந்த மாவட்டம் முன்பே வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என இரண்டு துண்டு. ஒரே முகவரிக்கு இரண்டு பாலிகள். மயிலாடுதுறை ஆனது வடக்குத் துண்டுதான். எண்களைத் தொடவே வேண்டாம்; அந்த ஏரியாவின் ஹெச்ரெஃபையும் ஆல்ட்டையும் மாற்றி, பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.